மணிக்குக் காட்டிய கொடி

நாய்ப்பெட்டி என்று ஒன்று உண்டு. எக்ஸ்பிரஸ் வண்டிகளில் கார்டு உட்காரும் கடைசிப் பெட்டியில், அவர் இருக்கைக்குச் சற்றுத் தள்ளி, தகரக் கதவும் காற்றுக்குச் சில துவாரங்களும் உள்ள ஒரு பொந்து. முதல் வகுப்பில் தனி அறை கிடைக்காதவர்கள் பார்சல் ஆபீசில் பணம் கட்டித் தங்கள் நாயை இதில்தான் ஏற்ற வேண்டும். முப்பத்து நாலு வருஷ ரயில்வே வேலையில் நான் நாயைக் கண்ணால் பார்த்ததைவிட, இந்தக் கதவுக்குப் பின்னால் அது அழுவதைக் கேட்டதுதான் அதிகம்.

ஒரு தடவை, மதுரையில் ஏற்றிய அல்சேஷன் ஒன்று, திருச்சியில் நான் வண்டியை ஏற்றுக்கொண்டபோதே ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அரியலூர் தாண்டியும் நிறுத்தவில்லை, விருத்தாசலம் தாண்டியும் நிறுத்தவில்லை. எஜமானர் ஏசி பெட்டியில் நல்ல தூக்கத்தில் இருந்திருப்பார். விழுப்புரத்தில் வண்டி நின்ற சில நிமிஷத்தில் குழாயடிக்கு ஓடி, என் மக்கில் தண்ணீர் பிடித்து வந்து கதவைக் கொஞ்சமாகத் திறந்து நீட்டினேன். அது தண்ணீரைத் தொடவில்லை. என் விரலை மட்டும் நக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தது. எழும்பூர் வரை.

2022 ஜனவரியில் கார்டு என்ற எங்கள் பதவிப் பெயரை டிரெயின் மேனேஜர் என்று மாற்றினார்கள். திண்டிவனத்தில் எங்கள் தெரு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 2024 மே 31ஆம் தேதி விழுப்புரம் ஜங்ஷனில் மாலை, சால்வை, தட்டு நிறைய லட்டு எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோதும் கார்டு சார்தான், இன்றும் கார்டு சார்தான்.

ராஜபாளையம் நாய் வேண்டும் என்ற ஆசை அதற்கும் முந்தியது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமயமலை ஆட்டு நாய், ராம்பூர் ஹவுண்டு, முதோல் ஹவுண்டு, நம்முடைய ராஜபாளையம். அந்த நாலாவதை மட்டும் என் லைன் பாக்ஸின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். கொடி, விளக்கு, வெடி டப்பா, ரூல் புத்தகம் எதை எடுக்கப் பெட்டியைத் திறந்தாலும் அந்த வெள்ளை நாய் என்னைப் பார்க்கும். கிட்டத்தட்ட இருபது வருஷம் பார்த்தது.

விழுப்புரத்தில் இருக்கும் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, அறுபது வயசுல உங்களுக்கு எதுக்கு அவ்ளோ பெரிய நாயி? மடியில வச்சிக்கிற மாதிரி ஒரு பொமரேனியன் வாங்குங்களேன்."

அவள் சொன்னதில் கணக்கு இருந்தது. ராஜபாளையம் ஆண் நாய் தோள்பட்டை வரைக்கே எழுபது சென்டிமீட்டர் வளரும். ஆயுள் பத்துப் பன்னிரண்டு வருஷம். அதாவது, அது கிழடாகி நிற்க முடியாமல் படுக்கும்போது எனக்கு எழுபத்தொன்று. அதைத் தூக்கி ஆட்டோவில் ஏற்ற வேண்டியவன் நான். திண்டிவனம் தடம் ஒற்றை லைனாக இருந்த காலத்தில், ஏறி வரும் வண்டியும் இறங்கிப் போகும் வண்டியும் எந்த ஸ்டேஷனில் கிராஸ் ஆகும் என்பதுதான் எங்கள் ராத்திரிக் கவலை. ஒன்று லூப் லைனில் ஒதுங்கி நின்றால்தான் மற்றது போக முடியும். நாயின் பலம் ஏறி வர, என் பலம் இறங்கிப் போக, ரெண்டும் எந்த வருஷத்தில் கிராஸ் ஆகும்? நான் போட்ட கணக்கில் 2027 என்று வந்தது. அது தப்பு என்று பிற்பாடு தெரிந்தது.

ஜூலை தொடக்கத்தில் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் குட்டி எடுத்தேன். ஏழு வாரம், நாலு கிலோ, மூக்கும் உதடும் இளஞ்சிவப்பு, உடம்பில் மருந்துக்கும் வேறு நிறம் கிடையாது. சின்னக் குட்டியைக் கூடையில் வைத்துக் கட்டணம் கட்டி எந்த வகுப்பிலும் கொண்டுவரலாம் என்பது விதி. பொதிகை எக்ஸ்பிரஸில் மூங்கில் கூடையும் ரசீதுமாக ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட் பரிசோதகர் ரசீதைக் கேட்கக்கூட இல்லை. எனக்குத்தான் ஏமாற்றம். விடியுமுன் விழுப்புரத்தில் இறங்கியபோது குட்டி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. வழியில் சிவகாசியில், மதுரையில், திருச்சியில் எவ்வளவு சத்தம்! ஒரு தடவைகூட அது திடுக்கிடவில்லை. "ரயில்வே நாய்டா நீ" என்று பெருமையாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

பெயர் மணி. என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "தெருவுல இருக்கிற நாயில பாதி மணிதான். இவ்ளோ காசு குடுத்து வாங்கிட்டு வந்து மணியா?" அவர் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். குட்டிக்கு நல்லியக்கோடன் என்று பெயர் வைக்கலாம் என்றார். எங்கள் வீடு கிடங்கல் பக்கம். சங்க காலத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில் இதுதான் என்பது அவருக்குத் தினமும் நினைவில் இருக்கும் விஷயம். அரசன் பெயரை நாய்க்கு வைத்துக் கூப்பிட என் வாய் எழவில்லை. மணி என்றே நின்றது.

முதல் ராத்திரி அது அழுத அழுகையில் தெரு விளக்கெல்லாம் எரிந்தது. நாய்ப்பெட்டி நினைவுதான் எனக்கு. மனைவிக்கு வேறு நினைவு. நத்தத்தனார் இந்த நல்லியக்கோடன் மேல் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஒரு பாணன் வீட்டு அடுக்களை வரும். கூரை சரிந்த அடுக்களை. அதில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. இன்னும் கண் திறக்காத குட்டிகள் பால் வற்றிய மடியை இழுக்க, பொறுக்க முடியாமல் தாய் குரைக்கிறது. அந்த வீட்டில் அவ்வளவு பட்டினி. "முப்பது வருஷம் இதை வறுமைக்கு உதாரணம்னு பாடம் நடத்திட்டேன். அந்தக் குட்டிங்க எப்படிக் கத்தியிருக்கும்னு ஒரு நாளும் யோசிக்கல" என்று கூடை அருகில் உட்கார்ந்து சொன்னார். மணி இரண்டரை மணிக்கு ஓய்ந்தது. அந்த நேரத்தில் முழித்திருப்பது எனக்குப் பழக்கம்தான். மனைவிதான் பாவம்.

குருளைக்குக் குருணை என்று வீட்டில் ஒரு வசனம் உண்டானது. குருணை அரிசிச் சோறு, வேகவைத்த முட்டை, எலும்பு எடுத்த கோழி, கொஞ்சம் தயிர். வெந்த எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால் அது கிடையாது. வெங்காயம் நாய்க்கு ஆகாது, ஆகவே சாம்பார்ச் சோறும் கிடையாது. எதிர் வீட்டு ஆயாவுக்கு இது பெரிய மனக்குறை. "சாம்பார் ஊத்தாம நாயி எப்பிடிய்யா வளரும்?" அறுவடை சமயத்தில் அவர் வீட்டுக் களத்தில் காய்ந்த வேர்க்கடலையை மணி திருடித் தின்றபோதுதான் அவருக்கு நிம்மதி. திண்டிவனத்து நாய் கடலை தின்னாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நாடெங்கும் விவசாயிகள் கடலை ரகத்தின் பெயரில் சொல்லும் டி.எம்.வி. என்பதே எங்கள் ஊர் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் சுருக்கம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் நன்றாக ஏமாந்தேன். பெரிய நாய், எலும்பு பலமாக வேண்டும் என்று மருந்துக் கடையில் கால்சியம் டானிக் கொடுத்தார்கள். நானும் காலை மாலை ஊற்றினேன். விழுப்புரத்தில் தடுப்பூசி போட்ட கால்நடை டாக்டர் பாட்டிலைப் பார்த்ததும் வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை. பெரிய இனத்துக் குட்டிகளின் குடலுக்கு முதல் சில மாதங்களில் வேண்டாத கால்சியத்தை ஒதுக்கத் தெரியாது. கொடுப்பதெல்லாம் உள்ளே போகும், எலும்பு கோணும். "சார், இது வேகமா வளரக் கூடாது. மெதுவா வளரணும். கொழுகொழுன்னு இருந்தா அழகுன்னு நினைக்காதீங்க. ஒன்றரை வயசு வரைக்கும் மாடிப்படி வேணாம், குதிக்க விடாதீங்க, பைக் பின்னாடி ஓட விடாதீங்க." எலும்பு முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு மூடும்வரை அப்படித்தானாம். கால அட்டவணைப்படி ஓடியே பழகிய எனக்கு, ஒன்றை மெதுவாக ஓட்டுவது வேலையாக வந்து சேர்ந்தது.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம். சகாக்கள் வழியனுப்பு விழாவில் கொடுத்த புது விசிலை அலமாரியில் பார்த்தேன். மணி முற்றத்தில் என் செருப்பை மென்றுகொண்டிருந்தது. விளையாட்டுக்கு, எக்ஸ்பிரஸ் வண்டியைக் கிளப்புகிற மாதிரி நீளமாக ஊதினேன். தெருவில் நாலு நாய்கள் குரைத்தன. ஆயா வீட்டு ஆடு கத்தியது. ஆயாவே வெளியே வந்தார். மணியின் காது மடல்கூட அசையவில்லை. செருப்பின் வாரை இடது பக்கப் பல்லிலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டது.

பின்னால் போய் நின்று இன்னொரு தரம் ஊதினேன். பிறகு ஊதவில்லை.

அதற்கு முன்னால் நாங்கள் கவனித்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. குக்கர் விசிலுக்கு எழாத தூக்கம். கூப்பிட்டால் சில சமயம் வரும், சில சமயம் வராது. வந்ததெல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் தாம்பாளம் கைதவறி விழுந்தபோது துள்ளி எழுந்ததே என்று மனைவி வாதாடினார். டாக்டர் அதற்கும் பதில் வைத்திருந்தார்: அது கேட்டது சத்தத்தை இல்லை, தரையின் அதிர்வை வயிற்றால் உணர்ந்திருக்கிறது. மணியின் முகத்தை என் பக்கம் திருப்பி வைத்து, அதன் தலைக்குப் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டினார். வெள்ளை உடம்போடு வருகிற சங்கடம் இது என்றார். தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தருகிற செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லையென்றால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் செல்கள் பட்டுப்போகும். ராஜபாளையத்தில் மட்டும் இல்லை. வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷனில் ஏறக்குறைய பத்தில் மூன்றுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்காது. தூய வெள்ளைதான் உசத்தி என்று வெள்ளையோடு வெள்ளையாகச் சேர்த்துச் சேர்த்து நாம் விலை ஏற்றியதன் இன்னொரு முனை இது.

"நாய்க்குட்டிக்குக் காது எப்ப திறக்கும் டாக்டர்?" என்று மனைவி கேட்டார்.

"கண்ணு மாதிரிதான்மா. ரெண்டு வாரம் ஆகும்."

"அப்ப கொஞ்ச நாள் ஏதாவது கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கலாம்."

திரும்பி வரும் வழியில், முண்டியம்பாக்கம் தாண்டும்போது, "அம்மா சத்தத்தை மட்டுமாவது கேட்டிருக்கும்" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பண்ணைக்காரருக்குப் போன் செய்தேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். அவர் தகராறு செய்யவில்லை. "அனுப்பி வச்சிருங்க சார், அடுத்த ஈத்துல நல்ல குட்டியாத் தாரேன்." இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதை நாங்க பாத்துக்கிடுதோம் சார்." ரயில்வேயில் எதற்காவது 'பாத்துக்கறோம்' என்று பதில் வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மனைவியிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பார்வோ ஊசி எல்லாம் போட்டாச்சு. அந்தக் காசை அவரு குடுப்பாரா?" என்றார். கொடுக்க மாட்டார். "அப்ப இருக்கட்டும்." எங்கள் வீட்டில் பெரிய முடிவுகள் இப்படித்தான் சில்லறைக் கணக்கு மாதிரி எடுக்கப்படும்.

செவிட்டு நாயை எப்படிப் பழக்குவது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது, முப்பத்து நாலு வருஷமும் நான் பார்த்தது அந்த வேலைதானே! இருபத்து நாலு பெட்டிக்கு அந்தப் பக்கம், இன்ஜின் இரைச்சலில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு நான் கத்துவது என்றைக்குக் கேட்டது? வாக்கி டாக்கி வந்தது பின்னால்தானே. கொடிதான் பேசும், விளக்குதான் பேசும்.

மனைவியின் பச்சை ரவிக்கைத் துணியில் ஒரு கொடி தைக்கக் கொடுத்தேன். மறந்தே போனேன்: நாய்க்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும். இரண்டுமே ஒரு பழுப்பு மஞ்சள். நீலமும் மஞ்சளும்தான் அதன் உலகம். சர்வீஸ் முழுக்க மருத்துவச் சோதனையில் நிறப் பார்வை தவறிவிடக் கூடாதே என்று பயந்து பயந்து புள்ளிப் படத்தில் எண்களைப் படித்தவன் நான். என் மாணவன் முதல் படத்திலேயே தோற்கிற ஆள். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு அசைவுக்கு வந்தேன். ஒரு கையைப் பக்கவாட்டில் அசையாமல் நீட்டினால் 'வா'. அதே கையை மேலும் கீழுமாக மெதுவாக அசைத்தால் 'மெல்ல'. கையில் கொடி இல்லாதபோது வண்டியை நிறுத்த ரூல் புத்தகம் சொல்வது, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும் என்று. அதையே 'நில்' என்று வைத்தேன். ராத்திரிக்கு டார்ச். கண்ணில் அடிக்காமல் தரையில் இரண்டு தரம் மின்னினால் 'வா'.

வலது கையில் கயிறு சுற்றிய நிலையில், மயிலம் சாலையில் விடியற்காலையில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்த பால்காரர், "கார்டு சார் யார்கிட்டயோ சரண்டர் ஆவறாரு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நின்றேன். முதல் மாதம் மணி நிற்கவில்லை. இரண்டாவது மாதம், நான் கையைத் தூக்கினால் நின்று, திரும்பி, என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தது. காது கேட்கும் நாய் எஜமானனுக்கு முன்னால் ஓடிக்கொண்டே அவனைக் கேட்டுக்கொண்டிருக்கும். மணி பத்தடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தாக வேண்டும். பார்த்தது. இவ்வளவு பார்வையை என் ஆயுளில் யாரும் என் மேல் செலவு செய்ததில்லை. ஆனாலும் ரோட்டில் ஒரு நிமிஷம்கூடக் கயிற்றை அவிழ்த்ததில்லை. பின்னால் வரும் லாரிக்கு ஹாரன்தான் உண்டு, கை கிடையாது.

கடிப்பது இன்னொரு பாடு. கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாடும்போது, கடி பலமாக விழுந்தால் மற்றது வீறிடும். அதைக் கேட்டுத்தான் குட்டிகள் பல்லை அடக்கப் பழகும். இவனுக்கு யார் வீறிட்டது தெரியும்? என் முன்கையில் பால்பல் தடம் இருபதாவது இருக்கும். கடித்த உடனே எழுந்து முதுகைக் காட்டி நின்றுவிடுவேன். என் முகம் தெரியாமல் போவதுதான் அவனுக்கு இருக்கும் ஒரே தண்டனை.

செப்டம்பரில் மகள் பேரனோடு வந்திருந்தாள். அவனுக்கு நாலு வயது. திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்த மணியின் வாலைப் பின்னாலிருந்து தொட்டுவிட்டான். தூக்கத்தில் யார் வருகிறார்கள் என்று தெரியாத ஜீவன் அது, சுழன்று கவ்வியது. சட்டைக் காலர்தான் கிழிந்தது. பல் அரை அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் என்ற பேச்சு அன்றைக்கு முழுக்க வீட்டில் ஓடியது. மகள் சாப்பிடாமல் விழுப்புரம் வண்டி ஏறினாள். "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நாங்க வரணும்." அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

மறுநாளிலிருந்து எழுப்புகிற பயிற்சி. தூங்கும்போது அருகில் தரையை மெல்லத் தட்டுவது. மூக்குக்கு முன்னால் கையை வைத்து வாசனை காட்டுவது. பிறகு தோளில் தொட்டு, கண் திறந்ததும் ஒரு துண்டு பிஸ்கட். ஒரு நாளைக்கு முப்பது தடவை, நாற்பது தடவை. வேலையில் இருந்திருந்தால் செய்திருக்கவே முடியாது. தீபாவளி வாக்கில், தொட்டால் திடுக்கிடாமல் கண்ணைத் திறந்து, பிஸ்கட் எங்கே என்று கையை மோப்பம் பிடிக்கும் நிலைக்கு வந்தது. அந்தத் தீபாவளிக்கு, 2024 அக்டோபர் 31, தெருநாய்கள் எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு சாக்கடைப் பாலத்துக்கு அடியில் பதுங்கியிருக்க, எங்கள் திண்ணையில் மணி மட்டும் மத்தாப்பு வெளிச்சத்தைப் பார்த்தபடி, திருமண வீட்டுப் பெரியவர் மாதிரி உட்கார்ந்திருந்தான். மகள் வீடியோ காலில் ரொம்ப நேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்தாள்.

நடுவில் புயல் வந்தது. ஃபெஞ்சல், நவம்பர் 30 ராத்திரி, புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறி, நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஊருக்கு மயிலம் கூப்பிடு தூரம். கரண்ட் சாயங்காலமே போய்விட்டது. காற்று ஓட்டை உருட்டும் சத்தத்தில் நாங்கள் இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்க, மணி அது பாட்டுக்குத் தூங்கியது. சத்தம் கேட்காததும் ஒரு சௌகரியம்தான் என்று நினைத்தேன். பதினொரு மணிக்கு முழித்தது. அப்புறம்தான் புரிந்தது. எங்களுக்கு இருட்டில் காது இருக்கிறது. கண்ணும் போய்விட்டால் அதற்கு என்ன இருக்கிறது? எழுந்து ஒரு சுற்று சுற்றியது, நாற்காலியில் மோதியது, பிறகு நான் அதனிடம் அதற்கு முன் கேட்டிராத ஒரு குரலில் அழுதது. நாய்ப்பெட்டிக் குரல். தன் குரலைத் தானே கேட்க முடியாத பிராணி என்பதால் அது ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. டார்ச்சைத் தரையில் அடித்தேன், இரண்டு தரம். ஓடி வந்து என் மடியில் பாதி உடம்பை ஏற்றியது. பாட்டரி தீரும் வரை வெளிச்சம் காட்டினேன். தீர்ந்த பிறகு அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டேன். எடுத்தால் அழுதது, வைத்தால் நிறுத்தியது. விடியும் வரை எடுக்கவில்லை.

விடிந்தபோது கிடங்கல் ஏரி நிரம்பி வழிந்து, எங்கள் வாசல் படியில் தண்ணீர் ஏறியிருந்தது. மாடி அறைக்குப் போயாக வேண்டும். மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் மணிக்குப் படி பழக்கவே இல்லை. அது முதல் படியில் நின்று நடுங்கியது. பதினெட்டுக் கிலோ. தூக்கினேன். ஏழாவது படியில் வலது முழங்காலில் ஏதோ ஒரு சத்தம் கேட்டது. எனக்குத்தான் கேட்டது. மேலே போய்ச் சேர்ந்து இறக்கிவிட்டபோது, என் 2027ஆம் வருஷக் கணக்கு மூன்று வருஷம் முந்தி வந்துவிட்டது என்று தெரிந்தது. டிசம்பர் 2ஆம் தேதி சகா ஒருவர் போன் செய்தார். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே 452ஆம் எண் பாலத்தில் வெள்ளம் ஏறி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள், அரசூரில் ரோடும் போயிற்று என்றார். முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு கேட்டேன். எத்தனையோ ராத்திரி ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் பாலங்களைக் கடந்தவன், அன்றைக்கு ஏழு படியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் தூக்குவது இல்லை. மரத்தச்சரை வைத்து வாசலுக்கு ஒரு சாய்வுப் பலகை போட்டேன். மகளுக்கு அது மணிக்காகப் போட்டது என்று சொல்லியிருக்கிறேன். நானும் அதில்தான் இறங்குகிறேன்.

கத்திரி வெயிலில் எங்கள் நடை காலை ஐந்து மணிக்கே முடிந்துவிடும். தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுவதற்குள் சுட்டால் நாயின் பாதமும் சுடும். நம்மூர் நாய், மெல்லிய ரோமம், வெயில் ஓரளவு தாங்கும். இரண்டு தெரு தள்ளி ஒருவர் ஹஸ்கி வாங்கி ஏசி அறையில் பூட்டி வைத்திருக்கிறார். பனியில் வண்டி இழுக்கப் பிறந்ததைத் திண்டிவனத்தில் வளர்ப்பது என்ன ஆசையோ! அவரிடம் கேட்டால், செவிட்டு நாயை வளர்ப்பது என்ன ஆசை என்று அவர் திருப்பிக் கேட்பார். அதனால் கேட்டதில்லை.

மணி இப்போது என்னைவிடப் பலசாலி. இருபத்தைந்து கிலோ தாண்டிவிட்டது. அது இழுத்தால் நான் போக வேண்டியதுதான். இழுப்பதில்லை, ஏனென்றால் பத்தடிக்கு ஒரு தரம் திரும்பி என் கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு காலை, தண்டவாளத்தை ஒட்டிய மண் பாதையில் அதை நடத்திக்கொண்டு வந்தேன். விழுப்புரம் பக்கமிருந்து எக்ஸ்பிரஸ் ஒன்று வந்தது. மணி தரையின் அதிர்வில் முதலில் நின்றது, பிறகு ஓடும் பெட்டிகளைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கடைசிப் பெட்டி எங்களைக் கடக்கும்போது கார்டு வெளியே எட்டி, ஸ்டேஷனுக்குப் பச்சைக் கொடியை நீட்டிப் பிடித்தார். கையைப் பக்கவாட்டில் நீட்டி, அசைக்காமல், ரூல் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே.

மணி அதைப் பார்த்தது. கூப்பிடுகிறார் என்று அது வண்டிக்குப் பின்னால் பாய்ந்தது. நாலு அடி நான் செருப்பில்லாமல் போனேன், ஐந்தாவது அடியில் மண்டி போட்டேன். கயிற்றை விடவில்லை. கயிறு இறுகிய பிறகுதான் அது திரும்பியது. மண்டி போட்ட நிலையிலேயே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். அது நின்று, தூரத்தில் சின்னதாகிக்கொண்டிருந்த அந்தக் கையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தது.